நொய்யலும் 2,100 என்ற எண்ணும்

“சுத்திகரிப்பு நிலையம்தான் கட்டிவிட்டார்களே, பிறகு எப்படி ஆறு கெட்டது?” திருப்பூரைப் பற்றிப் பேச்சு வந்தால் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். கோடிக்கணக்கில் செலவழித்து, தொட்டிகளும் மோட்டார்களும் ஆய்வுக்கூடமுமாக ஒரு நிலையம் எழுந்து நின்றால், அதன் மறுமுனையில் நல்ல தண்ணீர்தான் வரும் என்று நம்பிவிடுகிறோம். நிலையம் இருப்பது வேறு, அது வரம்புக்குள் நிற்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறு கெட்டது. இதை விளங்கிக்கொள்ளக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு டீயில் முடிகிற பேச்சில்லை, இன்னொன்று சொல்லிக்கொள்ளலாம். உட்காருங்கள்.

கையில் இருக்கும் டீயையே எடுத்துக்கொள்வோம். வடிகட்டியில் ஊற்றும்போது தூள் மேலே நின்றுவிடுகிறது, சர்க்கரை நிற்பதில்லை. எவ்வளவு மெல்லிய துணியில் வடித்தாலும் இனிப்புக் குறையாது. கழிவுநீரிலும் இப்படித்தான். மிதக்கிற அழுக்கும் தொங்குகிற அழுக்கும் ஒரு வகை. அதைத் தொட்டியில் தங்கவிட்டு, வடித்து, அடியில் படிந்ததை அள்ளிவிடலாம். கரைந்துபோனது இன்னொரு வகை. கரைந்ததிலும் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கக்கூடிய பொருள் உண்டு. கஞ்சி, மலக்கழிவு, பல வகை எண்ணெய்கள் அப்படிப்பட்டவை. எந்த உயிரும் தின்ன முடியாததும் உண்டு. அதில் முதலிடம் உப்புக்கு. திருப்பூரின் நாற்பது ஆண்டுக் கதையை இந்த உப்பை வைத்தே சொல்லிவிடலாம்.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 1974-இல் வந்த நீர் மாசு தடுப்புச் சட்டத்தின்படி, கழிவுநீரை வெளியே விடும் எந்த ஆலையும் மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் இந்த வாரியம் 1982-இல் அமைந்தது. இசைவாணை என்பது வெறும் அனுமதிச் சீட்டாக நின்றுவிடுவதில்லை. நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் விடலாம், எந்த இடத்தில் விடலாம், விடும் தண்ணீரில் எது எவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று வரி வரியாகச் சொல்லும் காகிதம் அது. அளவு, இடம், தரம் மூன்றும் சேர்ந்ததுதான் நிபந்தனை. ஒன்றை மீறினாலும் மீறியதுதான்.

தரம் என்ற பகுதியில் சில எண்கள் இருக்கும். ஆற்றில் விடுகிற தண்ணீருக்கு அமில காரத்தன்மை 5.5-இலிருந்து 9-க்குள் இருக்க வேண்டும். மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மிகக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கு 10, நுண்ணுயிர்களின் ஆக்சிஜன் தேவையைக் காட்டும் பி.ஓ.டி. 30, வேதிமுறையில் அளக்கும் ஆக்சிஜன் தேவையான சி.ஓ.டி. 250. கரைந்த திடப்பொருள், அதாவது டி.டி.எஸ்., 2,100. பார்ப்பதற்கு வறண்ட பட்டியலாக இருக்கும். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் வாழ்வு இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் அந்த வறட்சி போய்விடும்.

பி.ஓ.டி. என்பது மீனுக்கான எண். கழிவில் நுண்ணுயிர்கள் தின்னக்கூடிய பொருள் எவ்வளவு இருக்கிறதோ, அதைத் தின்று தீர்க்க அவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும். அந்த ஆக்சிஜனை அவை ஆற்றுநீரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். மிஞ்சியது போதாவிட்டால் மீன் செத்து மிதக்கும், தண்ணீர் கறுத்து நாறும். இதை அளக்க, தண்ணீரைப் புட்டியில் அடைத்து, 27 டிகிரி வெப்பத்தில் மூன்று நாள் வைத்து, எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்று பார்ப்பார்கள். குளிர்நாடுகளில் 20 டிகிரியில் ஐந்து நாள் வைப்பது வழக்கம். நம் ஊர் வெப்பத்துக்கு ஏற்ப இந்தியாவில் இதை மாற்றிக்கொண்டார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: இன்று எடுத்த தண்ணீரின் பி.ஓ.டி. மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அந்தத் தண்ணீர் எத்தனையோ ஊர்களைக் கடந்திருக்கும்.

டி.டி.எஸ். என்பது விவசாயிக்கான எண். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆற்றில் விடும் கழிவுக்கு 2,100 என்றால், ஆற்றில் ஓடும் நல்ல தண்ணீரோடு கலந்து அது இன்னும் இறங்கும் என்ற நம்பிக்கை அதற்குள் இருக்கிறது. ஆண்டில் பல மாதம் நீரோட்டமே இல்லாத நொய்யலில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. ஆற்றில் ஓடியதே கழிவாக இருந்தால், எதோடு கலந்து அது இறங்கும்?

உப்பு வயலில் என்ன செய்யும்? பயிர் குடிப்பது தண்ணீரை. வெயில் உறிஞ்சுவதும் தண்ணீரையே. உப்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒரு கட்டத்தில் மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாமல் போகிறது. கூடவே சோடியம், களிமண்ணின் பொலபொலப்பைக் கெடுக்கிறது. மேற்பரப்பு இறுகுகிறது, நீர் உள்ளே இறங்குவதில்லை. தென்னை ஓரளவு தாங்கும். மஞ்சளும் வாழையும் தாங்காது. ஈரோடு, கரூர்ப் பக்கத்து விவசாயிக்கு இதற்கு என்ன பொருள் என்று விளக்க வேண்டியதில்லை. நிலத்தடியில் இறங்கிய உப்பு, கிணற்றுக்கும் வந்து சேர்கிறது. அப்புறம் மாடு கூட அந்தத் தண்ணீரில் வாய் வைக்காது.

இவ்வளவு உப்பு எங்கிருந்து வருகிறது? திருப்பூரின் தொழிலான பனியன் துணி பருத்தி. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் தண்ணீரில் நன்றாகக் கரையும். ஆனால் நூலிடம் தானாக வந்து ஒட்டாது. ஈரத்தில் நூலும் சாயமும் ஒரே வகை மின்னூட்டம் கொண்டிருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். உப்பைக் கொட்டினால் அந்தத் தள்ளல் அடங்கும். சாயம் நூலுக்குள் போகும். பிறகு சோடா உப்பைப் போட்டால் சாயம் நூலோடு பிணைந்துகொள்ளும். அடர்ந்த கறுப்புக்கோ கருநீலத்துக்கோ ஒரு லிட்டர் குளியலுக்கு 60, 80 கிராம் உப்புக்கூட ஆகும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போகிறது. உப்பில் ஒரு துளியும் துணியோடு போவதில்லை. போட்ட உப்பு முழுவதும் சாக்கடைக்கே வருகிறது. கழுவிய தண்ணீரெல்லாம் சேர்ந்த பிறகும் சாயக்கழிவில் லிட்டருக்குப் பல ஆயிரம் மில்லிகிராம் கரைந்த உப்பு இருக்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில், பல சாயப்பட்டறைகள் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. தனித்தனிச் சிறு பட்டறைகளால் இவ்வளவு செலவு செய்ய முடியாது. எனவே குழாய் வழியே கழிவை ஓரிடத்துக்குக் கொண்டுவந்து சுத்திகரிப்பது என்பது நல்ல ஏற்பாடுதான். அங்கே என்ன நடந்தது? கழிவைத் தேக்கிக் கலக்கி, சுண்ணாம்பும் அன்னபேதியும் சேர்த்து, சாயத்தைத் திரிய வைத்து அடியில் படியவைத்தார்கள். நிறம் பெரும்பாலும் போனது. மிதக்கும் அழுக்குக் குறைந்தது. பி.ஓ.டி., சி.ஓ.டி. இறங்கின. கண்ணுக்குத் தண்ணீர் தெளிவாகவே தெரிந்தது. ஆனால் கரைந்த உப்பு அப்படியே நின்றது. சேர்த்த சுண்ணாம்பும் அன்னபேதியும் கரைந்து அதைக் கொஞ்சம் கூட்டியும் விட்டன.

இங்கேதான் தொடக்கக் கேள்விக்கான பதில் இருக்கிறது. நிலையம் இருந்தது, இயங்கவும் செய்தது. தான் எதற்காகக் கட்டப்பட்டதோ அதைச் செய்தது. உப்பை எடுக்க மட்டும் அது கட்டப்படவில்லை. இசைவாணையின் வரிகளில் பலவற்றில் தேறி, ஒரே ஒரு வரியில் தவறியது. தவறிய அந்த ஒரு வரிதான் கீழே இருந்த நிலத்தைக் கொன்றது. பரீட்சையில் ஐந்து பாடத்தில் தேறினோமே என்று சொல்லிக்கொள்ள இதில் வழியில்லை. ஆறு எல்லா வரிகளையும் சேர்த்துத்தான் குடிக்கிறது.

அளவு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஆண்டுகளில் திருப்பூரின் சாயக்கழிவு நாளொன்றுக்கு எட்டுக் கோடி லிட்டருக்கு மேல் இருந்தது. லிட்டருக்கு 6,000 மில்லிகிராம், அதாவது ஆறு கிராம் உப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 480 டன். பத்து டன் லாரியில் ஏற்றினால் 48 லாரி உப்பு. தினமும். ஓர் ஊர் இத்தனை லாரி உப்பை ஆற்றங்கரையில் கொண்டுபோய்க் கொட்டினால் யாரும் சும்மா இருந்திருக்க மாட்டார்கள். தண்ணீரில் கரைந்து போனதால் கண்ணுக்குத் தெரியவில்லை.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் விளங்கும். லிட்டருக்கு இவ்வளவு மில்லிகிராம் என்ற வரம்பு செறிவைத்தான் அளக்கிறது. ஒரு லிட்டர் கழிவோடு இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரைக் கலந்தால் 6,000 என்பது 2,000-க்கு அருகில் வந்துவிடும். காகிதத்தில் தேறிவிடும். ஆற்றுக்குப் போகும் உப்பு ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது. கூடவே இரண்டு லிட்டர் நல்ல தண்ணீரும் வீணாகியிருக்கும். இசைவாணையில் தரத்தோடு நாளளவையும் சேர்த்துக் கட்டுவது இதற்காகத்தான். தரத்தை மட்டும் கேட்டு அளவைக் கேட்காத ஆய்வு பாதி ஆய்வுதான்.

ஆற்றின் கீழ்ப்பக்கம் சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. ஈரோடு, கரூர்ப் பகுதி நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டிய அணை. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவுத் தேக்கமாகிவிட்டது. எந்த விவசாயிகளுக்காக அணை கட்டப்பட்டதோ அவர்களே, அந்தத் தண்ணீரை எங்கள் வாய்க்காலில் விடாதீர்கள் என்று கேட்க நேர்ந்தது. பிறகு அணையில் நீரைத் தேக்காமலே விட வேண்டியதாயிற்று. பாசன அணை ஒன்றுக்கு இதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. அணை கெட்டது வறட்சியால் இல்லை. மேலே இருந்த ஊரில் ஓர் எண்ணை யாரும் காப்பாற்றாததால் கெட்டது.

2003-இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பாதிப்பை மதிப்பிட்ட ஆணையம், 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று கணக்கிட்டது. 2006 டிசம்பரில் உயர் நீதிமன்றம், 2007 ஜூலை முடிவதற்குள் எல்லாப் பட்டறைகளும் ஒரு சொட்டும் வெளியே விடாத நிலைக்கு வர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதுவரை விடும் கழிவுக்கு லிட்டருக்கு 6 காசு, பிறகு 8 காசு, பிறகு 10 காசு கட்டச் சொன்னது. ஆறு காசு சிறிய தொகையாகத் தோன்றும். பத்து லட்சம் லிட்டர் விடும் நிலையத்துக்கு அது நாளுக்கு 60 ஆயிரம் ரூபாய். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை முதன்முறையாகத் திருப்பூரின் அன்றாடக் கணக்குப் புத்தகத்துக்குள் வந்தது.

2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் பட்டறைகளின் பொறுப்பை உறுதிசெய்து, மூன்று மாத அவகாசம் தந்தது. அந்தக் கெடுவும் கடந்தது. 2011 ஜனவரி 28 அன்று, நிபந்தனையை நிறைவேற்றும் வரை சாய, சலவைப் பட்டறைகளையும் பொது நிலையங்களையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணியைச் சாயமிட வெளியூர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. சாயத்தொட்டியருகே நின்று பிழைத்தவர்கள் வேலை இழந்தார்கள். இந்த வேதனையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அதே சமயம், கீழே இருந்த விவசாயிகளின் வேலை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எந்த உத்தரவும் இல்லாமல் பறிபோயிருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஒரு சொட்டும் வெளியே விடாமல் எப்படி ஆலை நடத்துவது? ஜீரோ டிஸ்சார்ஜ் என்று திருப்பூரில் எல்லோர் வாயிலும் புழங்கும் இந்த முறை மூன்று படிகள் கொண்டது. முதலில், கழிவை நுண்ணுயிர்த் தொட்டியில் விட்டு, தின்னத்தக்கதை எல்லாம் தின்ன வைக்கிறார்கள். பிறகு மிச்ச நிறத்தையும் அழுக்கையும் வடிக்கிறார்கள். இரண்டாவது படி ஆர்.ஓ. சவ்வு. நீர் மூலக்கூறு மட்டும் நுழையக்கூடிய அந்தச் சவ்வின் வழியே, கடும் அழுத்தத்தில் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். பல கட்டமாக வைத்தால் நூறு லிட்டரில் எண்பது, எண்பத்தைந்து லிட்டர் நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்பும். முதல் படியைச் சரியாகச் செய்யாவிட்டால் சவ்வு அடைத்துக்கொள்ளும். அதனால் நுண்ணுயிர்த் தொட்டியில் சோம்பல் காட்டினால் ஆர்.ஓ. உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது படியின் கடினமான வேலை மீதி இருக்கும் பதினைந்து, இருபது லிட்டரில்தான். நூறு லிட்டரின் உப்பு முழுவதும் அதில் செறிந்திருக்கும். அதை எவாப்பரேட்டரில் காய்ச்ச வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். மின்சாரக் கணக்கில் சொன்னால் சுமார் 0.63 யூனிட். ஆயிரம் லிட்டருக்கு அறுநூறு யூனிட்டுக்கு மேல். அப்படியே எரித்தால் எந்தத் தொழிலும் தாங்காது. அதனால் ஒரு கலத்தில் எழும் ஆவியைக் கொண்டே அடுத்த கலத்தைச் சூடாக்கும் அடுக்கு முறையும், ஆவியை அழுத்திச் சூடேற்றி மறுபடி பயன்படுத்தும் முறையும் வந்தன. இருந்தும் ஒரு நிலையத்தின் செலவில் பெரும்பங்கு நீராவிக்கும் மின்சாரத்துக்கும்தான் போகிறது.

இதில் திருப்பூர் கண்ட தெளிவு ஒன்று உண்டு. மிஞ்சும் அடர் உப்புநீரை ஏன் முழுவதுமாகக் காய்ச்ச வேண்டும்? சாயமிடத் தேவைப்படுவதே உப்புநீர்தானே. நிறத்தை நீக்கி, கடினத்தன்மையைப் போக்கினால், அந்த உப்புநீரையே அடுத்த சாயக் குளியலுக்கு விடலாம். சாதாரண உப்புக்குப் பதிலாகச் சோடியம் சல்ஃபேட்டைப் பயன்படுத்தினால், அதைக் குளிர்வித்துப் படிகமாகப் பிரித்தெடுத்து மறுபடி விற்கவோ போடவோ முடியும். அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் செய்துகாட்டப்பட்ட இந்த முறை மற்ற நிலையங்களுக்கும் வழிகாட்டியது. 2011-இல் மாநில அரசு பொது நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. பட்டறைகளும் தண்ணீரை அதிகம் குடிக்கும் பழைய விஞ்ச் தொட்டிகளிலிருந்து சாஃப்ட் ப்ளோ இயந்திரங்களுக்கு மாறின. தண்ணீர் குறைந்தால் உப்பும் குறையும். கழிவைக் குறைக்கும் வேலை சுத்திகரிப்பு நிலையத்தில் தொடங்குவதில்லை, சாயத்தொட்டியில் தொடங்குகிறது.

வரம்பு 2,100-இலிருந்து பூஜ்யமானதில், வெளியே அதிகம் பேசப்படாத ஒரு நன்மை இருக்கிறது. 2,100-ஐச் சரிபார்க்க அதிகாரி வர வேண்டும். மாதிரி எடுக்க வேண்டும். ஆய்வுக்கூடம் சொல்ல வேண்டும். பூஜ்யத்தைச் சரிபார்க்க ஆற்றங்கரையில் நிற்கும் எவருக்கும் கண் போதும். வெளியேறும் குழாயில் தண்ணீர் வந்தாலே மீறல். கண்காணிப்பு ஆய்வுக்கூடத்திலிருந்து மக்கள் கைக்கு வந்தது இப்படித்தான்.

ஆனால் பூஜ்யம் என்று எழுதிவிட்டால் கழிவு மறைந்துவிடாது. நள்ளிரவிலோ, மழை கொட்டும்போதோ திறந்துவிட ஒரு மறைவுக்குழாய் போதும். மழைநாளில் நொய்யலில் நுரை பொங்கி வரும்போது மக்கள் சந்தேகப்படுவது இதனால்தான். நகரச் சாக்கடையின் சோப்பும் அந்த நுரையில் கலந்திருக்கும். எது யாருடையது என்று நிறுவ, மாதிரி எடுத்தாக வேண்டும். அதற்கும் சட்டம் முறை வைத்திருக்கிறது. எடுத்த தண்ணீரை ஆலைக்காரர் முன்னிலையில் இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இருவரும் கையெழுத்திட வேண்டும். இந்த முறையில் தவறினால் நீதிமன்றத்தில் அந்த மாதிரி நிற்காது. ஒரு குவளை மொண்டு எடுத்த மாதிரி, அந்த நொடியைத்தான் காட்டும். நாள் முழுவதும் மணிக்கொரு முறை எடுத்துக் கலந்த மாதிரிதான் அந்த நாளைக் காட்டும். இப்போது இணையவழிக் கருவிகளும் வந்துவிட்டன. ஆலையின் அளவீடுகள் நேராக வாரியத்துக்குப் போகின்றன.

என் பார்வையில், இவை எல்லாவற்றையும்விட ஏமாற்றக் கடினமானது வரவுசெலவுக் கணக்கு. ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையத்துக்கு நாளுக்கு நூறு லிட்டர் கழிவு வந்தால், அதில் மிகப் பெரும்பகுதி பட்டறைக்குத் திரும்பியிருக்க வேண்டும். அப்படியானால் பட்டறைகள் புதிதாக வாங்கும் தண்ணீர் குறைந்திருக்க வேண்டும். எவாப்பரேட்டர் ஓடியிருந்தால் மின் கட்டணமும் விறகுச் செலவும் அதற்கு ஏற்ப இருக்க வேண்டும். அடியில் படிந்த சேறும், படிந்த உப்பும் கிடங்கில் எடையாக இருக்க வேண்டும். துணி உற்பத்தி கூடி, மின்சாரமும் சேறும் குறைந்தால் கழிவு வேறு வழியில் போகிறது என்று பொருள். தண்ணீரை ஒளிக்கலாம். நான்கு கணக்கையும் ஒரே சமயத்தில் பொருத்தமாக ஒளிப்பது கடினம்.

மற்ற நாடுகள் இதை எப்படிச் செய்கின்றன என்று ஒரு பார்வை. அமெரிக்காவின் 1972 தூய நீர்ச் சட்டத்தின் கீழ், நகரக் கழிவுநீர் நிலையங்களுக்குப் பி.ஓ.டி. மாதச் சராசரி 30, வாரச் சராசரி 45 என்று இரண்டு வரம்புகள் உண்டு. வந்த அழுக்கில் 85 விழுக்காட்டை நீக்கியிருக்க வேண்டும் என்பது மூன்றாவது. வரும் கழிவிலேயே நல்ல தண்ணீரைக் கலந்து எண்ணைக் குறைப்பவரை இந்த மூன்றாவது நிபந்தனை பிடித்துவிடும். நிலையமே தன் அளவீடுகளை எழுதி அரசுக்கு அனுப்ப வேண்டும். பொய் எழுதினால் குற்றம். அந்த அறிக்கையைப் பார்த்துச் சாதாரணக் குடிமகனும் வழக்குப் போடலாம். நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. அளவீடுகள் மக்கள் கண்ணுக்கு எளிதில் வராததுதான் குறை.

மிச்சம் என்ன ஆகிறது என்ற கேள்வியையும் விடக் கூடாது. ஜீரோ டிஸ்சார்ஜ் நிலையத்திலிருந்து தண்ணீர் வெளியேறுவதில்லை. சேறும், பிரிக்க முடியாத கலப்பு உப்பும் வெளியேறியாக வேண்டும். சேற்றின் ஒரு பகுதி சிமென்ட் ஆலைகளின் சூளைக்குப் போகிறது. கலப்பு உப்புக்கு எளிய வழி இன்னும் இல்லை. கூரை போட்ட கிடங்குகளில் காத்திருக்கிறது. கூரை ஒழுகி மழை பட்டால் அது மறுபடி கரைந்து மண்ணுக்குள் இறங்கும். ஆகவே கிடங்கின் கூரையும் தரையும்கூட இசைவாணையின் பகுதிதான்.

இவ்வளவும் சாயக்கழிவின் கதை. நொய்யலுக்கு இன்றைய சுமை அதோடு முடியவில்லை. கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வீட்டுச் சாக்கடை அதில் கலக்கிறது. நகரக் கழிவுநீர் நிலையங்களுக்கு 2017 அக்டோபரில் மத்திய அரசு, பெருநகரங்களில் பி.ஓ.டி. 20, மற்ற இடங்களில் 30 என்று வரம்பு வைத்தது. 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இன்னும் கடுமையான வரம்பை வலியுறுத்தியது. அங்கேயும் நாம் கேட்க வேண்டியது அதே கேள்விதான். கட்டிய நிலையத்தின் கொள்ளளவு எவ்வளவு, அதற்கு உண்மையில் எவ்வளவு சாக்கடை வந்து சேர்கிறது, வெளியேறும்போது எண் என்ன? திறப்புவிழாக் கல்வெட்டில் முதல் எண் மட்டும்தான் இருக்கும்.

நேர்மையாக நடக்கும் சாயப்பட்டறைக்காரர் பக்கமும் பேச வேண்டும். ஒரு லிட்டர் கழிவைக் காய்ச்சி உப்பெடுப்பவரும், அதே கழிவை இரவில் ஓடையில் விடுபவரும் ஒரே சந்தையில் ஒரே விலைக்குத் துணி விற்கிறார்கள். மீறுபவரைப் பிடிக்காமல் விட்டால், தண்டிக்கப்படுவது விதியைக் காப்பவர்தான். கண்காணிப்பு, தொழிலுக்கு எதிரி என்ற பேச்சு தவறு. ஒழுங்காகத் தொழில் செய்பவருக்குக் கண்காணிப்பைவிட நல்ல பாதுகாப்புக் கிடையாது. பனியன் வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும், உள்நாட்டில் வாங்கும் நாமும், விலை பேசும்போது அந்த உப்பெடுக்கும் செலவையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். அதை நாம் தராவிட்டால், கீழே இருக்கும் விவசாயி தன் நிலத்தால் தருவார்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் சாயம், தோல், காகிதம், சர்க்கரை என எந்த ஆலை இருந்தாலும், ஒரு சாக்கடை நிலையம் மட்டும் இருந்தாலும், அதன் இசைவாணையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். நாளளவு, வெளியேறும் இடம், வரம்புகள் மூன்றையும் படியுங்கள். கடந்த ஓராண்டில் வாரியம் எடுத்த மாதிரிகளின் முடிவுகளையும் கேளுங்கள். உப்பை அளக்க ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். பேனா அளவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் கிணற்றிலும் வாய்க்காலிலும் ஆற்றிலும் மாதம் ஒருமுறை வைத்துப் பார்த்து, தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எண் ஏறத் தொடங்கும் மாதத்திலேயே கேள்வி கேளுங்கள். நொய்யல்கரை விவசாயிகள் நீதிமன்றத்தில் வென்றார்கள். ஆனால் அவர்கள் வென்றபோது நிலம் கெட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. உங்கள் ஊரில் அவ்வளவு காலம் காத்திருக்காதீர்கள்.